ஜனவரிக்குப் பின்னும் கிறிஸ்துமஸ்: ஒரு நோயாளியின் வீட்டில் கற்றவை

கிறிஸ்து பிறப்பு விழாவின் அன்பு ஆண்டு முழுவதும் நிலைக்க வேண்டும் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் மறையுரையில் கேட்கிறோம். அந்த அன்பு ஜனவரியில் நின்றுபோனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் என் சொந்த வீட்டில் பார்த்தேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இழந்த பணத்தில் ஒரு பகுதியையும், பட்ட மனக்கசப்பில் பெரும்பகுதியையும் தவிர்த்திருக்கலாம். நீண்ட நாள் நோயாளியை வைத்துக்கொண்டு பண்டிகைக் காலத்தைக் கடக்கப்போகிறவர்களுக்கும், அப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவ விரும்பியும் எப்படி என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலம் தொடங்கிய வாரத்தில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு முற்றிலும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தன. பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. நானும் அவளும் மட்டுமே. ஆனால் அந்த டிசம்பரில் வீட்டில் கூட்டம் குறையவே இல்லை. பாடல் குழுவினர் வாசலில் நிற்காமல் படுக்கையறைக்கே வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். அவள் கண்ணீர் விட்டாள், எனக்கும் தொண்டை அடைத்தது. எங்கள் பங்கிலுள்ள, அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்திலுள்ள, ஒவ்வொரு குழுவும் தனித்தனியே வந்தது. போர்வைகள், பழக்கூடைகள், சட்டமிட்ட படங்கள், வாழ்த்து அட்டைகள் என்று மேசை நிறைந்தது. வந்தவர்கள் யாரும் கடமைக்காக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களின் அன்பு உண்மையானது என்பதை இன்றும் சொல்வேன். ஆனால் அவளால் அப்போது எதையும் சரியாக விழுங்க முடியாது என்பதும், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கரண்டியால் ஊட்ட வேண்டும் என்பதும் பழக்கூடையுடன் வந்தவர்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை, விளக்கிச் சொல்ல எனக்கும் அப்போது தெம்பில்லை. பழங்களை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தேன். போர்வைகள் அலமாரியில் அடுக்காகக் கிடந்தன. புறப்படும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “எது வேணும்னாலும் தயங்காமச் சொல்லுங்க.”

ஜனவரி தொடக்கத்தில் வரும் திருக்காட்சி விழா முடிந்தது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கோவிலில் குடிலைப் பிரித்தார்கள். அத்தோடு எங்கள் வீட்டு அழைப்புமணியும் ஓய்ந்தது. யார்மீதும் குற்றம் சொல்ல முடியாத ஓய்வு அது. விடுமுறை முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள், பள்ளிகள் திறந்தன, அவரவர் பாடு அவரவருக்கு. ஆனால் நோயாளியின் வீட்டில் உண்மையான வேலை தொடங்குவதே அப்போதுதான். பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில்தான் உடல் வேகமாகத் தேறும், அந்த மாதங்களில் பயிற்சியை விட்டுவிட்டால் பின்னால் ஈடுசெய்வது கடினம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம். பெரியவர்களுக்கான அணையாடை வாரந்தோறும் தீரும். நோயாளியைத் தனியே விட முடியாததால் மருந்துக் கடைக்குப் போய்வருவதே ஒரு பெரிய ஏற்பாடாக மாறும். இவை எதுவும் பரிசுப் பொட்டலமாகக் கட்டித்தரக்கூடியவை அல்ல என்பதால், அன்புள்ள மனிதர்களுக்கும் இவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். ஊதியமுள்ள விடுப்பு தீர்ந்த பின் ஊதியமில்லா விடுப்பு எடுத்தேன். அதில் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நெருக்கடியில், வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரை அனுப்பும் ஒரு நிறுவனத்திடம் ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினேன். வந்த பெண்ணுக்குப் பக்கவாத நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கத் தெரியவில்லை. சில நாட்களில் சொல்லாமலேயே நின்றுவிட்டார். மாற்று ஆளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. பல மாதங்கள் கழித்து எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு செவிலியரிடம் இதைச் சொன்னபோது, “அண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நம்பிக்கையான ரெண்டு மூணு பேரை எனக்கே தெரியும்” என்றார். அவர் டிசம்பரில் எங்கள் வீட்டுக்குப் போர்வையோடு வந்தவர். அவரிடம் இருந்த அறிவு அந்தப் போர்வையைவிடப் பன்மடங்கு விலை உயர்ந்தது. அதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை, கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை. உங்கள் தொழிலால் உங்களுக்குத் தெரிந்தது எதுவோ அதுவே முதல் கொடை: மருத்துவமனை விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர், காப்பீட்டுக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்தவர், குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தத் தெரிந்தவர், இவர்களெல்லாம் வெறுங்கையோடு வந்தாலே போதும். உதவியாளரை அமர்த்துகிறவர்கள் மாதக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டாமல் வார அளவில் பேசிக்கொள்ளுங்கள். நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பணத்தைவிட மோசமாகக் கரைந்தது மனம். பிப்ரவரி வருவதற்குள் எனக்குள் ஒரு கோபம் குடியேறியிருந்தது. அவளை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் ஞாயிறு திருப்பலிக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். ஆனால் ஆள் கிடைத்த ஒரு ஞாயிறன்றும் போகப் பிடிக்கவில்லை. எதிர் வீட்டு வாசலில் கழற்றாமல் விட்டிருந்த நட்சத்திர விளக்கைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. நலமாக நடந்து போகிறவர்கள் எல்லார்மீதும் பொறாமை. கடவுள்மீதும் கோபம்தான், அதை மறைத்து எழுதினால் இந்தப் பகிர்வுக்கு மதிப்பில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு இவை எல்லாம் வரும். வரும்போது தம் நம்பிக்கை செத்துவிட்டதாக அவர் எண்ணிக்கொள்வார். உறங்காத உடலும் பேச ஆளில்லாத மனமும் சேர்ந்து செய்கிற வேலை அதில் பெரும்பங்கு என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்பவரையும் ஒரு கால் மணி நேரம் தனியே உட்கார வைத்துப் பேசுங்கள். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த மாதங்களில் தவறாமல் வந்தவர் ஒருவர் மட்டுமே: மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு, திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமான நற்கருணையைக் கொண்டுவரும் பணியாளர். அவர் எங்களுக்கு நெருங்கியவர் அல்லர். அதிகம் பேசவும் மாட்டார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செபித்து, நற்கருணையின் சிறு துணுக்கைக் கெட்டியாக்கிய கரண்டித் தண்ணீரோடு அவளுக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படுவார். முதல் வெள்ளி என்ற நாள் குறிக்கப்பட்டிருந்ததால் அவர் வந்தார். மனம் உந்தும்போது வரலாம் என்று இருந்திருந்தால் அவரும் வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இதிலிருந்துதான் எனக்கு முதல் தெளிவு கிடைத்தது. டிசம்பரில் எல்லாரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தது உணர்ச்சி மட்டும் இல்லை, ஒரு தேதி. அந்தத் தேதி போனதும் உணர்ச்சிக்கு ஊன்றி நிற்க இடமில்லாமல் போயிற்று. ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் வேண்டுமென்றால் ஆண்டு முழுவதும் தேதிகள் வேண்டும். திருச்சபையின் நாட்காட்டியில் அந்தத் தேதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நாம்தான் டிசம்பர் 25-ஐ மட்டும் பிய்த்தெடுத்துக் கொண்டாடிவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போகிறோம்.

உரோமையில் டிசம்பர் 25 அன்று கிறிஸ்து பிறப்பு குறிக்கப்பட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைச் சுற்றித் திருச்சபை வைத்திருக்கும் நாட்களைப் பாருங்கள். மறுநாளே, டிசம்பர் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் விழா. டிசம்பர் 28, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவு. பிப்ரவரி 2, குழந்தை இயேசு கோவிலில் காணிக்கையாக்கப்பட்ட விழா. அந்த நாளின் நற்செய்தியை நான் வீட்டில் கட்டிலருகே தனியே உட்கார்ந்து படித்தேன். யோசேப்பும் மரியாவும் பலியாகக் கொண்டுபோனது ஒரு சோடி மாடப் புறாக்கள் அல்லது இரு புறாக் குஞ்சுகள் என்ற அளவுதான். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியர் நூலின் 12-ஆம் அதிகாரம் தந்த சலுகை அது. அந்தக் குழந்தையை அங்கே அடையாளம் கண்டுகொண்டவர்கள் இரண்டு பேர்: சாவை எதிர்பார்த்திருந்த சிமியோன், முதிர்ந்த கைம்பெண்ணான அன்னா. அதன் பிறகு எகிப்துக்கு ஓட்டம். வறுமை, முதுமை, கைம்மை, பச்சிளம் குழந்தைகளின் சாவு, அகதி வாழ்வு என்று எல்லாமே கிறிஸ்துமஸ் கதைக்குள் இருந்தும், நாம் விளக்குகளையும் இடையர்களையும் மட்டும் மேசைக்கு எடுத்துவந்திருக்கிறோம். எங்கள் படுக்கையறை அந்தக் கதைக்கு வெளியே இல்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. கோபம் போய்விடவில்லை, ஆனால் பேச ஆள் கிடைத்தது போலிருந்தது.

பிப்ரவரி 11 உலக நோயாளர் நாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்படுத்திய இந்த நாளில் பல பங்குகளில் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் அருளடையாளம் வழங்குவார்கள். எங்கள் பங்கிலும் அன்று வழங்கினார்கள். சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது, வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களைப் பார்த்தார். அந்த வாரமே வியாழக்கிழமை பிற்பகலில் வீட்டுக்கு வந்தார். “தம்பி, இனிமே வியாழக்கிழமை மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் நான் இங்க இருப்பேன். நீங்க வெளியே போங்க. எங்க போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்” என்றார். “எதுக்கு டீச்சர் உங்களுக்குச் சிரமம்” என்று வழக்கம்போல் மறுத்தேன். “மரியா எலிசபெத்தைப் பாக்கப் போனாங்களே, வாழ்த்துச் சொல்லிட்டு மறுநாளே கிளம்பிட்டாங்களா?” என்று கேட்டார். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், மரியா ஏறக்குறைய மூன்று மாதம், கருவுற்றிருந்த தம் உறவினர் எலிசபெத்தோடு தங்கிவிட்டுத்தான் வீடு திரும்பினார் என்று ஒரே வரி இருக்கிறது. அந்த வரியை ஒரு திட்டமாக எடுத்துக்கொண்ட ஒருவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

முதல் வியாழனன்று வெளியே போய் எங்கே போவது என்று தெரியாமல் ஒரு பூங்காவில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் மருந்து வாங்கினேன், வங்கிக்குப் போனேன், முடி வெட்டிக்கொண்டேன். ஒருநாள் சீக்கிரம் திரும்பியபோது அறைக்கு வெளியே நின்று பார்த்தேன். டீச்சர் அவளுடைய வலது கையைத் தம் மடியில் வைத்து, மடங்கி இறுகியிருந்த விரல்களைச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நீவி விரித்துக்கொண்டிருந்தார். விரிந்த உள்ளங்கையில் செபமாலையை வைத்து, மணியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கும்படி தம் விரல்களால் மேலே பொத்திக்கொண்டு, ‘அருள் நிறைந்த மரியே’ என்று மெதுவாகத் தொடங்கினார். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல ஒரு சொல்லும் வராத என் மனைவி, அந்தச் செபத்தின் பின்பாதியைக் குழறலாகவேனும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களில் பலருக்கு மனப்பாடமான செபங்களும் பாடல்களும் எஞ்சியிருக்கும், அவற்றின் வழியே பேச்சுப் பயிற்சியைத் தொடங்க முடியும் என்று பேச்சுப் பயிற்சியாளர் பிறகு விளக்கினார். டீச்சருக்கு அந்த மருத்துவ விவரம் தெரியாது. செபித்துப் பார்க்கலாமே என்றுதான் தொடங்கியிருக்கிறார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவளுக்குச் சிறுவயதிலிருந்து மிக நன்றாகத் தெரிந்தவை கிறிஸ்து பிறப்புப் பாடல்கள். எனவே ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில், கோவிலில் எல்லாரும் சிலுவைப்பாதை செய்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டிலையும் இடையர்களையும் வானதூதர்களையும் பற்றிய பாடல்கள் ஒலித்தன. வழிபாட்டு ஒழுங்கில் பிடிப்புள்ள எனக்கு முதலில் சற்று உறுத்தலாக இருந்தது. ஆனால் மார்ச் 25 வந்தது. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதங்களுக்கு முன்பு வரும் கிறிஸ்து பிறப்பின் அறிவிப்பு விழா அது. தவக்காலத்தில் நிறுத்திவைக்கப்படும் வானவர் கீதத்தை அன்று திருப்பலியில் பாடுவார்கள். நம்பிக்கை அறிக்கையில் அவர் மனிதர் ஆனார் என்று சொல்லும் இடத்தில் மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குகிறோம்; ஆண்டில் இரண்டே விழாக்களில், கிறிஸ்து பிறப்பன்றும் இந்த அறிவிப்பு விழாவன்றும், முழங்காலிடுகிறோம். அன்று டீச்சர் வீட்டில் இருந்துகொண்டு என்னைக் கோவிலுக்கு அனுப்பினார். அந்த முழங்காலிடுதலில் எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் மனைவி இப்போது கைத்தடியுடன் நடக்கிறாள். பேச்சு மெதுவாக, ஆனால் புரியும்படி இருக்கிறது. டீச்சர் மூன்று மாதம் கழித்தும் வந்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து கற்றதை நாங்களும் மற்றவர்களிடம் செய்யத் தொடங்கிய பின் பட்ட அனுபவங்களையும் சேர்த்துச் சில செய்திகளைச் சொல்கிறேன். முதலாவது, ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகை உற்சாகத்தில் ஐந்து வீடுகளுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பது, சொல்லாமலேயே இருப்பதைவிடக் கெடுதி. நோயாளிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழமையையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள், முடியும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் இருப்பாரோ என்ற கவலை, வந்தவரை உபசரிக்க வேண்டுமே என்ற கவலை, இவை இரண்டும் இல்லாவிட்டால்தான் வீட்டுக்காரருக்கு அது ஓய்வு. முடிந்தால் தொடக்கத்தில் இருவராகப் போங்கள். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையில் வீடு தேடிப் போவதே முதன்மையான பணி, அதை இருவராகச் செய்வது அங்கே பழைய மரபு. ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் மற்றவர் போகலாம் என்ற வசதி ஒருபுறம். கேட்டதையும் பார்த்ததையும் பேசி மனப்பாரத்தை இறக்கிக்கொள்ளத் துணை இருக்கிறது என்பது அதைவிடப் பெரிது. தனியே போய்வந்த நாட்களில் அந்த வீட்டின் துயரத்தை நான் என் வீட்டுக்குள் தூக்கிவந்து என் மனைவியின் தூக்கத்தைக் கெடுத்ததுண்டு.

எத்தனை காலத்துக்கு என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. முடிவில்லாத வாக்குறுதி யாராலும் காக்க முடியாதது. நாங்கள் மரியாவின் மூன்று மாதத்தை அளவாக வைத்துக்கொள்கிறோம். அது முடியும் முன்பே, நாங்கள் விலகினால் யார் தொடர்வார்கள் என்று தேடத் தொடங்குகிறோம். கிடைக்காவிட்டால் இன்னும் ஒருமுறை நீட்டிக்கிறோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை முடியாது என்றால் மாதத்தின் முதல் வெள்ளி போதும். அந்த ஒரு நாளைத் தவறவிடாதிருப்பதுதான் முக்கியம். புகைப்படம் எடுக்காதீர்கள். டிசம்பரில் எங்கள் வீட்டில் எடுத்த படங்களில் என் மனைவியின் கோணிய வாய் பலருடைய கைபேசிகளுக்குப் போயிற்று. கண்ணாடியில்கூட முகம் பார்க்க மறுத்துக்கொண்டிருந்த நேரம் அது. இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்கட்டும் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது கைபேசி வைத்திருக்கும் கைகளுக்கும் சேர்த்துத்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, டிசம்பரில் மொத்தமாகக் கொடுக்க நினைத்திருக்கும் தொகையைப் பன்னிரண்டாகப் பிரியுங்கள். பண்டிகை மாதத்தில் ஏழை வீடுகளுக்கும் இல்லங்களுக்கும் பொருள்கள் குவிகின்றன. வெறிச்சோடும் மாதங்கள் வேறு. எங்கள் வீட்டில் சம்பளம் வந்த அன்றே ஒரு சிறு தொகையை உறையில் போட்டு வைக்கிறோம், அது யாருக்கு என்று அந்த மாதத்துக்குள் முடிவு செய்கிறோம். கையில் பணமாகக் கொடுப்பது சிலருக்குக் கூச்சம் தரும். அவர்களுக்கு மருந்துக் கடைக் கணக்கையோ பயிற்சியாளர் கட்டணத்தையோ நேரே கட்டிவிடுவது எளிது. கடனாகக் கேட்டால் திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்க முடிகிற அளவு மட்டும் கொடுக்கிறோம். அதற்கு மேல் என்றால் முடியாது என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதில் எனக்கு இன்னும் குற்றவுணர்ச்சி வரத்தான் செய்கிறது, ஆனாலும் சொல்கிறோம். கொடுத்ததை மனத்தில் கணக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தேநீர் குடிப்பது இரண்டு பக்கத்துக்கும் நஞ்சு.

செபத்தைக் கடைசியில் சொல்வதால் அது சிறியது என்று எண்ண வேண்டாம். அது இல்லாவிட்டால் மேலே சொன்னவை ஆறு வாரத்தில் சமூக சேவையாகி, பத்தாவது வாரத்தில் சுமையாகிவிடும். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளைச் செபம் முழுக்க முழுக்க இறைவனின் வாக்கு மனிதர் ஆனதைப் பற்றியது. நண்பகலுக்கு மட்டுமாவது கைபேசியில் மணி வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். திருச்சபையின் தினசரிச் செபத்தில் காலையில் செக்கரியாவின் பாடல், மாலையில் மரியாவின் பாடல், இரவு படுக்கப் போகும்முன் சிமியோனின் பாடல். மூன்றும் லூக்கா எழுதிய பிறப்பு நிகழ்வுகளிலிருந்து வந்தவை. ஜூலையிலும் அக்டோபரிலும் அவற்றைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம், கவனிப்பதில்லை. தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறார், பசித்தோரை நலன்களால் நிரப்புகிறார் என்று மாலையில் சொல்லிவிட்டு, மறுநாள் வியாழக்கிழமை என்று நினைவு வந்தால் சாக்குச் சொல்லி வீட்டில் இருந்துவிட மனம் வருவதில்லை. இன்னொரு வசதியான கணக்கும் உண்டு: லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களில் 132 வசனங்கள், மாதத்துக்குப் பதினொன்று என்று வைத்தால் ஆண்டு முடியும்போது சரியாக முடியும். அவசரமில்லாமல் ஒரு மாதம் முழுக்கச் சத்திரத்தில் இடமில்லாத பகுதியையே திரும்பத் திரும்பப் படிப்பதற்கும், டிசம்பர் 24 நள்ளிரவில் கூட்டத்தில் நின்று ஒருமுறை கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நாட்காட்டியிலிருந்து எங்களுக்குப் பயன்படும் மற்ற நாட்களையும் குறித்துவிடுகிறேன். மே 31, மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா. புதிதாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்ள நாங்கள் தேர்ந்தெடுக்கும் நாள் அதுதான். ஜூன் 24, திருமுழுக்கு யோவானின் பிறப்பு. கிறிஸ்துமஸ் இன்னும் ஆறு மாதத்தில் என்று நினைவூட்டும் அந்த நாளில் உறை எவ்வளவு கனமாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஜூலை நான்காம் ஞாயிறு, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாள், 2021-இல் தொடங்கியது. நவம்பரில் கிறிஸ்து அரசர் விழாவுக்கு முந்தைய ஞாயிறு, 2017 முதல் கடைப்பிடிக்கப்படும் உலக வறியோர் நாள். அடுத்த சில வாரங்களில் திருவருகைக் காலம் வந்துவிடும் என்பதால், இந்த டிசம்பரில் யாருடைய வீட்டுக்குக் கூட்டம் போகாது என்று விசாரிக்க அது நல்ல நேரம்.

இப்போது நோயாளியோடு வீட்டில் அடைபட்டிருப்பவர்களுக்கு. எது வேண்டுமென்றாலும் சொல்லுங்கள் என்று கேட்பவர் உண்மையாகவே கேட்கிறார், ஆனால் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நமக்கும் அந்த நேரத்தில் வாயில் வராது. எனவே முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு அருகே ஒட்டி வையுங்கள்: செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கி வர ஆள் வேண்டும், ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் உடனிருக்க ஆள் வேண்டும், நல்ல பயிற்சியாளரைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும், பழங்கள் வேண்டாம், அணையாடை இன்ன அளவு. எதிரே பெயர் எழுத இடம் விடுங்கள், பேனாவையும் அங்கேயே தொங்கவிடுங்கள். வாழ்த்துச் சொல்ல வருபவர்களில் பாதிப் பேர் தங்கள் பெயரை எழுதிவிட்டே போவார்கள். டிசம்பரில் கூட்டம் வரும்போதே அந்தத் தாளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கான தேதிகளையும் போட்டு வையுங்கள். ஜனவரியில் எழுதினால் வாசிக்க ஆள் இருக்காது.